ஜெயசுதா காத்திருந்த வண்டி

ஜமுனாமரத்தூர் ஸ்டேண்டிலிருந்து காலையில் முதலில் கிளம்பும் வாடகை வண்டி ஜெயசுதா அக்காவுடையது. பனி விலகும் முன்பே போளூருக்கு இறங்கிவிடும். அந்த நடையைப் பிடித்தால்தான் மண்டியில் புளிக்கு நல்ல விலை, ஆஸ்பத்திரியில் வரிசையில் முன்னிடம், ரயிலுக்குப் போகிறவர்களுக்கு ரயில். ஆகவே ஸ்டேண்டில் இருக்கும் எல்லா டிரைவர்களுக்கும் அந்த நடைமேல் ஒரு கண். ஒரு மாதம் வண்டி வராவிட்டால் முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும், திரும்பி வருகிறவர் கடைசியில்தான் நிற்கவேண்டும் என்பது ஸ்டேண்டின் கட்டுப்பாடு. அந்த முதல் நடை கையைவிட்டுப் போகும் என்று தெரிந்தே, இன்னும் வந்து சேராத ஒரு வண்டிக்காகக் காத்திருக்கலாமா என்ற கேள்வி போன தை மாதம் அக்காவின் முன் வந்து நின்றது.

நான் சந்தவாசல்காரி. பல வருடம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு வந்தவள். வீட்டில் உட்கார முடியாமல், மலையில் சாமை தீட்டிப் பொட்டலம் போடும் பெண்கள் சங்கம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பொட்டலங்களைப் போளூர், கண்ணமங்கலம் கடைகளில் கொண்டுபோய்ப் போடுவது என் பொறுப்பு. அதனால் அக்காவின் வண்டியில் கடைசி சீட் எனக்கு நிரந்தரம். காத்திருப்பது என்றாலே எனக்கு ஆகாது. என்னைக் கேட்டிருந்தால் கிடைக்கிற வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்காமலும் சொன்னேன்.

அக்கா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் மலையில்தான். கணவர் ராஜாக்கண்ணுவுக்குச் சாமைக் கொல்லையும் பத்துப் பதினைந்து புளிய மரங்களும் உண்டு. கல்யாணமான புதிதில் அவர்தான் ஒரு பழைய டீசல் வண்டியை வாங்கி ஓட்டினார். ஒரு மழைநாளில் கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் பள்ளத்துப் பக்கமாக வழுக்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீடு வந்தவர், அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. வண்டிக்குள் கோழிகள் அடைய ஆரம்பித்தன. ஒரு நாள் அக்கா கோழிகளை விரட்டிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார். அறுவடை முடிந்த கொல்லையில் முன்னும் பின்னும் ஓட்டிப் பழகினார்.

"ஒரு வரப்பக்கூட வுட்டு வைக்கல. அந்த வருசம் பூரா இவரு மண்ண அணைச்சினே இருந்தாரு" என்று சொல்லிச் சிரிப்பார்.

லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஸ்டேண்டுக்குப் போனபோது அவருக்கு முறை கொடுக்க மறுத்துவிட்டார்கள். பொம்பளை ஓட்டுகிற வண்டியில் யார் ஏறுவார்கள் என்று கேட்டார்கள். கடைசியில், எவனும் எடுக்காத விடியற்கால நடையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்கள். அந்த நேரத்துப் பனியில் எதிரே மாடு நின்றாலும் தெரியாது. ஏற ஆளும் இருக்காது. அக்கா காலி வண்டியை இறக்கினார். பிறகு ஒருவர், இருவர் என்று வந்தார்கள். நேரம் தவறாமல் ஒரு வண்டி போகிறது என்று தெரிந்ததும் மூட்டைகள் வந்தன. வருடங்கள் போனபின், வேண்டாம் என்று தள்ளிய அதே நடையை எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பழைய வண்டிக்குத்தான் இப்போது முடிவு வந்திருந்தது. அடித்தட்டு துருப்பிடித்து, கால் வைக்கும் இடத்தில் ரோடு தெரிந்தது. பங்குனிக் கடைசியில் வரும் எஃப்.சி. தகுதிச் சோதனையில் நிச்சயம் தேறாது. அதற்குள் புது வண்டி வேண்டும் என்று அக்கா முன்கூட்டியே வேலூர் ஷோரூம் ஒன்றில் பதிவு செய்திருந்தார். பெட்ரோலிலும் ஓடும், தானே பேட்டரியை நிரப்பிக்கொண்டு கரன்டிலும் ஓடும் ஏழு சீட்டு ஹைபிரிட் வண்டி. ஒருமுறை பெங்களூர்க்காரர்களின் வண்டி ஒன்று மலையில் ஏறும்போது அக்கா பின்னாலேயே வந்திருக்கிறார். நெடுந்தூரம் அது புகை விடவில்லை. சில இடங்களில் சத்தமும் இல்லை. தன் வண்டியின் டீசல் நாற்றத்தில் வளைவுக்கு ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுப்பதை வருடக்கணக்காகப் பார்த்தவருக்கு அது மனதில் ஒட்டிக்கொண்டது. முழுக்க கரன்டில் ஓடும் வண்டி வேண்டாம் என்பதிலும் தெளிவாக இருந்தார். மலையில் காற்றடித்தால் முதலில் போவது கரன்ட்தான்.

ஆனால் வண்டி வரவில்லை. பதிவு செய்தபோது தீபாவளி என்றார்கள். பிறகு பொங்கல். பொங்கலும் போனபின் விற்பனைப் பையன் ரமேஷ் போன் செய்தான். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். வண்டியில் இருந்த எல்லோரும் கேட்டோம்.

"மேடம், சித்திரை கடைசிக்குள்ள கண்டிப்பா வந்துடும். இல்ல, உங்களுக்கு அவசரம்னா டீசல் வண்டி ஒண்ணு ரெடியா நிக்குது. இந்த வாரமே எடுத்துக்கலாம். அடுத்த திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. வேற ஒரு பார்ட்டி கேக்கறாங்க."

"தீவாளின்னும் கண்டிப்பான்னு தான சொன்ன?"

"மேடம், அது கம்பெனி லேட் பண்றாங்க. நா இன்னா பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாத. கண்டிப்பான்ற வார்த்தய மட்டும் வுட்டுடு" என்று அக்கா வைத்துவிட்டார்.

முன் சீட்டில் செல்லம்மா இருந்தாள். புளி வியாபாரி. ஏறும்போதே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்கிறவள். "இன்னாம்மே அது ஐப்ரிட்டு? ஐப்ரிட்டு தக்காளி மாதிரியா? பாக்க பளபளன்னு கீது, கொழம்புல போட்டா ஒண்ணும் இல்ல."

"நீ வாந்தி எடுக்காம போளூர் போய் சேரணும்னா அந்தத் தக்காளிதான் வேணும்" என்றார் அக்கா.

ஸ்டேண்டில் செய்தி பரவியது. ராஜாக்கண்ணுவின் தம்பி குணசீலனும் அங்கே வண்டி ஓட்டுகிறவர். அவருடைய முறை இரண்டாவது. டீ கிளாசோடு வந்து வண்டிக் கதவில் சாய்ந்து நின்றார்.

"அண்ணி, நா மறைச்சிப் பேச மாட்டேன். நீங்க காத்துனு இருந்தா மொதல் நடை எனக்கு வரும். எனக்கு அது வேணும். ஆனா கொழுந்தனா சொல்றேன், டீசல எடுத்துக்கினு வாங்க. அந்த வண்டி டவுன்காரன் சிக்னல்ல நிக்கறதுக்குப் பண்ணது. நம்ம மலைக்கு இன்னாத்துக்கு?"

"மலையில ஓட்டிப் பாத்தவன் சொன்னானா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா நீயும் டீக்கடக்காரனும்" என்றார் அக்கா.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு வேலூர் போனார். ஷோரூமில் ஏ.சி. குளிரில் நின்றுகொண்டு, இந்த வண்டியை எங்கள் மலையில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். ரமேஷ் கண்ணமங்கலம் பையன். எங்கள் பேச்சு அவனுக்குப் புரியும். ஆனால் இது புரியவில்லை.

"டெஸ்ட் டிரைவ் பைபாஸ் வரைக்கும்தான் மேடம்."

"எனக்கு பைபாஸ்ல வேல இல்ல. மலை ரோட்ல, மூட்ட போட்டு, ஆள் ஏத்தி ஓட்டணும்."

"மூட்டையா? மேடம், அது டெமோ வண்டி. சீட் கவர் கூட பிரிக்கல."

"நா வாங்கப்போறது சீட் கவர் இல்ல. நீ கூட்டிட்டு வர்லன்னா பதிவ இப்பவே கேன்சல் பண்ணு. ஏன் கேன்சல்னு இவங்களுக்கெல்லாம் கேக்கற மாதிரி சொல்லிட்டுப் போறேன்" என்று, சோபாக்களில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த குடும்பங்களின் பக்கம் திரும்பினார். ரமேஷ் மேனேஜர் அறைக்கு ஓடினான்.

வெள்ளிக்கிழமை வண்டி மலையேறி வந்தது. ஸ்டேண்டே கூடிவிட்டது. ரமேஷ் பின்பக்கம் தார்ப்பாய் விரித்தான். அதன்மேல் செல்லம்மாவின் புளி மூட்டைகள் ஏறின. செல்லம்மா முன்னால் உட்கார்ந்தாள். நானும் இன்னும் இரண்டு பேரும் பின்னால். ரமேஷ் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டான். வண்டி கிளம்பியதே தெரியவில்லை. "எடும்மே" என்றாள் செல்லம்மா. "எடுத்தாச்சி, ஸ்டேண்ட தாண்டியாச்சி" என்றார் அக்கா.

முதல் இறக்கம் வந்ததும் அக்காவின் இடது கை கியருக்குப் போய் நியூட்ரலில் தள்ளியது. எங்கள் மலையில் எல்லா டிரைவரும் செய்வது அதுதான். இறக்கத்தில் வண்டி தானாகவே உருளும்போது எதற்கு டீசலை எரிக்கவேண்டும் என்பது கணக்கு. புதிதாக ஓட்டுகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே எந்த வளைவுக்கு முன் நியூட்ரல், எங்கே பிரேக் என்பதைத்தான். அதனால் எங்கள் யாருக்கும் அது விசேஷமாகத் தெரியவில்லை. ரமேஷ் பார்த்திருந்தால் சொல்லியிருப்பான். அவன் முதல் வளைவிலேயே கண்ணை மூடிக்கொண்டுவிட்டான்.

அடிவாரம் வந்தபோது திரையில் பேட்டரிப் படம் கிட்டத்தட்ட காலியாக இருந்தது. மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பி ஏறும்போது வண்டி முழுக்க முழுக்கப் பெட்ரோலில் உறுமிக்கொண்டே ஏறியது. ஸ்டேண்டுக்கு வந்ததும் குணசீலன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திரையில் மைலேஜைப் பார்த்தார். தன் வண்டியை ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான். கூட்டம் சிரித்தது.

"தக்காளி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அன்று மாலை அக்காவின் வீட்டில் இருந்தேன். ராஜாக்கண்ணு புளியங்கொட்டை தட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னார். "அதான் ஓட்டிப் பாத்துட்ட இல்ல. டீசலயே எடுத்துக்க. இத்தினி வருசம் நின்னு வாங்கின மொறய வுட்டுட்டு எங்க போய் நிக்கறது?"

"தோத்துட்டேன்னு எடுக்கச் சொல்றியா?"

"தோக்கறது ஜெயிக்கறது இன்னா கீது? வண்டி ஓடணும்."

நானும் டீசல் கட்சி என்று சொன்னேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அன்னிக்கு அந்த பெங்களூர் வண்டி எப்பிடி சத்தமில்லாம ஏறுச்சி? அவனுக்கு ஒரு மலை, எனக்கு ஒரு மலையா?" என்று கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார். பிறகு அங்கிருந்தே ரமேஷுக்குப் போன் போட்டு அதே கேள்வியை, இன்னும் கொஞ்சம் சூடாகக் கேட்டார்.

மறுநாள் ரமேஷே கூப்பிட்டான். "மேடம், சர்வீஸ்ல கேட்டேன். இறங்கும்போது கியர் எதுல வச்சிருந்தீங்க?"

"நூட்டல்ல. வேற எதுல வைப்பாங்க?"

"முழு மலையும் நியூட்ரல்லயா? மேடம், நியூட்ரல்ல போட்டா பேட்டரி ஏறவே ஏறாது. இறக்கத்துல சக்கரம் சுத்தற வேகத்துலதான் அது கரன்ட் எடுத்துக்கும். கியர்லயே வுட்டு, கால எடுத்துடணும். அதுவே புடிச்சிக்கும்."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"கண்ணத் தொறந்தா வாந்தி வரும்போல இருந்துச்சி மேடம்."

ஞாயிற்றுக்கிழமை வண்டியை மறுபடி கொண்டு வரவைத்தார். அவன் மேனேஜரிடம் என்ன சொன்னான் என்று தெரியாது. அதே மூட்டைகள், அதே ஆட்கள். இந்த முறை கிளம்பும் முன் அக்கா செல்லம்மாவிடம் சொன்னார். "என் கை கியருக்குப் போச்சின்னா அடி."

"நெஜமாவா? எத்தினி வருசமா கேட்டுனு கீறேன்" என்றாள் செல்லம்மா.

முதல் இறக்கத்தில் கை போனது. பளார். இரண்டாவது வளைவுக்கு முன்பு மறுபடி போனது. பளார். "ஏய், சும்மா தொடைய சொறிஞ்சேன்" என்றார் அக்கா. "எனக்கு இன்னா தெரியும், சொல்லிட்டு சொறி" என்றாள் அவள். பின்னால் நாங்கள் சிரித்துக்கொண்டே வந்தோம். ஆனால் அக்காவின் முகத்தில் வேர்வை. பின்னாலிருந்து யாரோ வண்டியைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கிறது, உருளவிட மாட்டேன் என்கிறது என்றார். அவருடைய கையும் காலும் இத்தனை வருடம் கற்றுவைத்திருந்ததை அந்த இறக்கம் முழுக்க அடக்கிக்கொண்டு வந்தார். பாதி மலையில் ரமேஷ் கண்ணைத் திறந்து திரையைக் காட்டினான். பேட்டரிப் படம் நிரம்பிக்கொண்டிருந்தது.

போளூரில் மூட்டைகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினோம். ஏற்றத்தில் இன்ஜின் நின்று நின்று வேலை செய்தது. மரங்களுக்கு நடுவே சில இடங்களில் சருகு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. செல்லம்மா எலுமிச்சம்பழத்தை மடியிலிருந்து எடுக்கவே இல்லை என்பதை நான்தான் கவனித்தேன்.

ஸ்டேண்டில் வண்டியை நிறுத்தியதும் குணசீலன் வந்து பார்த்தார். நிறையவே நேரம் பார்த்தார். "இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. நாம இறங்கறப்ப பாரம், ஏறறப்ப காலி. ஊர்ல எவனுக்கும் இப்பிடி அமையாது. செல்லம்மா புளி வண்டியத் தள்ளிக்கினு எறங்குது, அந்த வேகத்துலயே நா மேல வர்றேன். இத்தினி வருசம் அத்தயெல்லாம் பிரேக்குலயே தேச்சி வுட்டுனு இருந்தோம்."

"சரி அண்ணி. வண்டி நல்லதுன்னே வச்சிக்குவோம். ஆனா அது ரமேஷோட வண்டி. உங்க வண்டி இன்னும் வர்லியே. சித்திரைக்கும் வர்லன்னா?"

அதுதான் உண்மையான கேள்வி. வண்டி நல்ல வண்டி என்று தெரிந்துவிட்டதால் காத்திருப்பது எளிதாகிவிடவில்லை. டீசலை எடுத்தால் முதல் நடை அப்படியே இருக்கும். விட்டால், திரும்பி வரும்போது கடைசி முறை, உச்சி வெயிலில், இறங்க ஆளில்லாத நேரம். நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ரமேஷிடம் திரும்பினார். "அந்த டீசல வேற பார்ட்டிக்குக் குடுத்துடு. எனக்கு இதான்." பிறகு குணசீலனிடம், "எஃப்.சி. முடியற அன்னிலேர்ந்து மொதல் நடைய நீ எடுத்துக்க. ஒரு மாசம் வரைக்கும் எல்லாம் காத்துனு இருக்க வேணாம். அன்னிக்கே எடுத்துக்க."

"அண்ணி, கோவத்துல பேசாதீங்க."

"கோவம் இல்ல. நீங்கள்லாம் மாசக் கணக்கு பாத்து என் மொறய பிடுங்கறத நா நின்னு பாக்கணுமா? நானே குடுக்கறேன். வாங்கிக்க."

குணசீலன் வாங்கிக்கொண்டார். ஆனால் அதோடு வந்தது என்ன என்பது அவருக்கு அப்போது தெரியாது. பழைய வண்டி நின்ற மறுநாள் விடியற்காலை, தன் புளி மூட்டையோடு முதல் ஆளாக ஸ்டேண்டில் நின்றது ஜெயசுதா அக்கா. டிக்கெட்டுக்குக் காசைக் கையில் திணித்துவிட்டு, டிரைவர் சீட்டுக்குச் சரியாகப் பின்னால் உட்கார்ந்தார். அன்றைக்கு மட்டுமில்லை, சித்திரை முழுக்க.

"இன்னாத்துக்கு குணா பிரேக்க அமுக்கினே வர்ற? அதுக்குக் கால் வலிக்காது?"

"அண்ணி, நா ஓட்டறேன் இல்ல?"

"ஓட்டு, ஓட்டு. அந்த வளைவுல ஆரன் அடி. பனியில மாடு நிக்கும்."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சா அடிக்கறதுக்கு இன்னா?"

செல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். குணசீலன் ஒருநாள் நடுவழியில் வண்டியை நிறுத்தி, "நீங்களே வந்து ஓட்டுங்க" என்று சாவியை நீட்டினார். "கூலி குடுப்பியா?" என்று கேட்டார் அக்கா. குணசீலன் சாவியை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். சிரிப்பெல்லாம் காலை நடையோடு சரி. மண்டியிலிருந்து மத்தியானம் திரும்பும்போது அக்கா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்த நாட்களும் இருந்தன. ரமேஷிடமிருந்து தகவல் இல்லாத வாரங்கள் அவை. ஸ்டேண்டில் சிலர் வண்டி வந்ததா என்று கேட்பதையே விளையாட்டாக வைத்துக்கொண்டார்கள். "வந்துச்சி, ஒங்க வூட்டாண்டதான் நிக்குது, பாக்கலியா?" என்பார் அக்கா.

சித்திரை முடிந்தது. வண்டி வரவில்லை. வைகாசி நடுவில் வந்தது. கண்டிப்பா என்ற வார்த்தையை ரமேஷ் இந்த முறை சொல்லவில்லை. "மேடம், வாங்க" என்று மட்டும் சொன்னான்.

வெள்ளை வண்டி, மஞ்சள் போர்டு. பூ சுற்றி, சந்தனம் வைத்து ஸ்டேண்டுக்குக் கொண்டுவந்தபோது முறை எழுதும் சின்னராசு கொஞ்சம் சங்கடப்பட்டார். "ஜெயசுதா, கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். கடைசி நெம்பர். பன்னெண்டு மணி நடை. அந்த நேரத்துக்கு எவனும் கீழ போறதில்ல. வேணும்னா எல்லாரையும் கூப்ட்டுப் பேசி..."

"எதுக்குப் பேசறது? எழுது."

குணசீலன் பக்கத்திலேயே நின்றிருந்தார். தூக்கம் கெட்ட முகம். விடியற்காலைப் பனி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஸ்டேண்டுக்கே தெரியும். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பார்போல இருந்தது. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. பன்னிரண்டு மணி நடையையும் யாரும் கேட்கவில்லைதானே என்று என்னிடம் சொன்னார். அதில் வருத்தம் இல்லை. புதிதாக ஒரு கொல்லையைப் பார்க்கிறவரின் குரலாக இருந்தது.

முதல் நாள் வெயில் உச்சியில் நின்றது. புளி மூட்டைகள் எல்லாம் காலையிலேயே போய்விட்டன. வண்டியில் நான், என் சாமைப் பொட்டலங்கள், ஆட்டுக்கு மருந்து வாங்கப் போகும் சடையன் என்ற பெரியவர், அவ்வளவுதான். பாரம் வேண்டும் என்று ராஜாக்கண்ணு தன் மூட்டைகளைக் கொண்டுவந்து பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றி முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அந்த வழியில் அவர் மலை இறங்கி வருடங்கள் ஆகின்றன.

"காலியா போறீங்க அண்ணி" என்றார் குணசீலன் டீக்கடையிலிருந்து.

"காலியாதான் நா ஆரம்பிச்சேன். அப்பவும் நீ டீதான் குடிச்சினு இருந்த."

சாவி திருகும் சத்தமோ இன்ஜின் சத்தமோ இல்லாமல் வண்டி நகர்ந்தது. சாலையோரம் நின்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையை வெளியே நீட்டி, ஸ்டேண்ட் அதிரக் கத்தினார்.

"போளூர்! போளூர்! சந்தவாசல், கண்ணமங்கலம் போறவங்கல்லாம் ஏறு! பன்னெண்டு மணி வண்டி! நாளைக்கும் வரும், நாளன்னிக்கும் வரும்! போளூர்!"